டெப்ளாய் பண்ணதுக்கப்பறம் பாதி போன்ல பழைய ஸ்கிரிப்டே ஓடுது, ஜாங்கோல ஸ்டாட்டிக் ஃபைல்லாம் நீங்க எப்படி வச்சிருக்கீங்க?

வைகைக்கரை
எல்லாருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு பில்லு போடுற சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்துருக்கேன். பைத்தான்ல வெப்சைட் எழுதுற ஜாங்கோ, ஒரு சின்ன சர்வர், முன்னாடி ஃபைல எடுத்துக் குடுக்குற என்ஜின்எக்ஸ், அம்புட்டுதான். கடையில ஏழு போன்ல ஓடுது, எல்லாமே பசங்களோட சொந்த போன்.

முன்னல்லாம் கூடை எடைய மனசுல கழிச்சுட்டு மிச்சத்தத்தான் பசங்க டைப் பண்ணுவாங்க. அதுல அடிக்கடி தகராறு வருதுன்னு மொத்த எடை தனியா கூடை எடை தனியான்னு ரெண்டு கட்டம் வச்சு, கழிக்கிறத போன்ல ஓடுற ஸ்கிரிப்டே பாத்துக்குற மாதிரி மாத்தி முந்தாநாள் ராத்திரி ஏத்துனேன். காலையில மூணு போன்ல சரியா வருது, நாலு போன்ல ரெண்டு கட்டமும் தெரியுது ஆனா கழிக்கவே மாட்டேங்குது. நிலக்கோட்டை பக்கமிருந்து வந்த ஒரு விவசாயிக்கு 42 கிலோ மல்லி, கூடை 1 கிலோ 200 கிராம், கிலோ 900 ரூபா. 36,720 வரணும், பில்லுல 37,800 வந்துருச்சு. 1,080 ரூபா கூடக் குடுத்துட்டு மறுநாள் அவர்ட்டயே திருப்பிக் கேக்குற நிலைமை. கடைக்காரர் என்னை வையக்கூட இல்ல, "என்னப்பா இப்படி ஆகிப்போச்சு"ன்னு மட்டும் கேட்டாரு, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

பக்கம் புதுசு, ஸ்கிரிப்ட் பழசு, அதுவரைக்கும் வெளங்குது. என்ஜின்எக்ஸ்ல ஸ்டாட்டிக் ஃபோல்டருக்கு (ஸ்கிரிப்ட், படம், பக்கத்தோட தோற்றத்தச் சொல்ற சிஎஸ்எஸ் இருக்குற எடம்) எக்ஸ்பயர்ஸ் 30 நாள்னு, அதாவது எறக்குனத போன் 30 நாள் வச்சுக்கலாம்னு, நாந்தான் போட்டு வச்சிருந்தேன், மார்க்கெட்டுக்குள்ள காலையில சிக்னல் ரொம்ப மோசமா இருக்கும் அதனால. இத எடுத்துட்டா ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் இழுக்கும், வச்சா இந்தக் கதி. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

ஒத்தக்கடை
ரொம்ப யோசிக்காதீங்கண்ணே. ஸ்கிரிப்ட் டேக்ல ஃபைல் பேருக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டு வி=2ன்னு வைங்க. அடுத்த தடவை வி=3. பிரவுசருக்கு அது வேற முகவரி, புதுசா எடுத்துக்கும். நான் மூணு வருசமா இப்படித்தான் ஓட்டுறேன்.

கீழமாசி வீதி
தம்பி ஒத்தக்கடை சொல்றது வேலை செய்யும், ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு, நான் அதுல மாட்டி முழிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

கேள்விக்குறிக்குப் பின்னாடி என்ன போட்டாலும் சர்வர் டிஸ்க்ல இருக்குறது ஒரே ஒரு ஃபைல்தான். இப்ப டெப்ளாய் நடக்குது, பக்கத்தோட அச்சான டெம்ப்ளேட் மொதல்ல மாறிருச்சு, ஸ்கிரிப்ட் காப்பியாக இன்னும் பத்து செகண்டு இருக்குன்னு வைங்க. அந்தப் பத்து செகண்டுல ஒருத்தர் பக்கத்தத் தொறந்தா அவர் போன் வி=3 கேக்கும், சர்வர் பழைய ஃபைல எடுத்து வி=3ங்குற பேர்ல குடுத்துரும். அந்த போனப் பொறுத்தவரைக்கும் அதுதான் வி=3, இன்னும் 30 நாளைக்கு அது திரும்பிக்கூடப் பாக்காது. ரீலோட் பண்ணச் சொல்லலாம்னு நெனைப்பீங்க. குரோம்ல சாதா ரீலோட் பண்ணா பக்கத்த மட்டுந்தான் திரும்ப விசாரிக்கும், கெடு முடியாத ஸ்கிரிப்ட்டயும் சிஎஸ்எஸ்ஸயும் கையில இருக்குறதையே எடுத்துக்கும். அப்பறம் ஒவ்வொரு போனா வாங்கி கேஷ (போன் எறக்கி வச்சிருக்குற காப்பிய) அழிக்கிறதுதான் வழி.

இன்னொண்ணு, சிஎஸ்எஸ்க்கு நம்பர் மாத்துவீங்க, அந்த சிஎஸ்எஸ்க்கு உள்ள இருந்து கூப்புடுற படம், ஃபாண்ட்டு இதுக்கெல்லாம் யார் மாத்துறது?

சரக்கு மாறுனா பேரே மாறணும், ஒரு பேருக்கு ஒரே சரக்குதான், அது என்னைக்கும் மாறக் கூடாது. இது மட்டும் சரியா இருந்துட்டா 30 நாள் என்ன, ஒரு வருசம் கூட தைரியமா வச்சுக்கலாம். ஜாங்கோவுல இதுக்கு மேனிஃபெஸ்ட்ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்ஸ்டோரேஜ்னு ஒண்ணு 1.7 பதிப்புல இருந்தே இருக்கு, 2014ல வந்தது. செட்டிங்ஸ்ல அத மாத்திட்டு, ஸ்டாட்டிக் ஃபைலையெல்லாம் ஒரே எடத்துல சேக்குற கலெக்ட்ஸ்டாட்டிக் கமாண்ட ஓட்டுனா ஒவ்வொரு ஃபைலையும் படிச்சு, உள்ள இருக்குறதுக்கு ஒரு எம்டி5 கணக்கு போட்டு, அதுல மொத 12 எழுத்த பேருக்கு நடுவுல சொருகி ஒரு காப்பி எடுத்து வைக்கும். பில்.ஜேஎஸ்ங்குறது பில், புள்ளி, 12 எழுத்து, புள்ளி, ஜேஎஸ்னு ஆயிரும். சிஎஸ்எஸ்க்கு உள்ள இருக்குற பட முகவரியையும் அதுவே புதுப் பேருக்கு மாத்திரும். எந்தப் பேரு எதுவா மாறுச்சுங்குறத ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்.ஜேசன்ல எழுதி வைக்கும், டெம்ப்ளேட்ல ஸ்டாட்டிக் டேக் போட்டுருந்தா அங்க பாத்து புதுப் பேரப் போட்டுக்கும். ஒரு எழுத்து மாறுனாலும் பேரு மாறும், மாறாத ஃபைலுக்குப் பழைய பேரே இருக்கும், அதனால போனுங்க அத மறுபடி எறக்காது. சிக்னல் இல்லாத எடத்துக்கு இதவிட என்ன வேணும்.

அப்பறம் வைகைக்கரை, ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க. மொத்தத் தொகைய போன் கணக்கு போட்டு அனுப்பி அத அப்படியே சர்வர்ல சேவ் பண்ணிருக்கீங்க போல. கேஷ் சரியா இருந்தாலும் அது தப்பு. எடையும் ரேட்டும் மட்டும் வாங்கிக்கிட்டு தொகைய சர்வர்லயே போடுங்க, திரையில காட்டுறதுக்கு மட்டும் ஸ்கிரிப்ட் இருக்கட்டும். பணக் கணக்க போன நம்பி விடாதீங்க.

வைகைக்கரை
கோவமெல்லாம் இல்லக்கா. அத மொத வேலையா இன்னைக்கே மாத்திட்டேன், பழைய ஸ்கிரிப்ட் வச்சிருக்குற போன்ல இருந்து வந்தாலும் சர்வர் தொகை சரியா வருது, கூடை எடை காலியா இருந்தா பில்லே போடாது.

நீங்க சொன்ன ஸ்டோரேஜப் போட்டு கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டுனேன், பாதியில நின்னுருச்சு. ஒரு .மேப் ஃபைல் காணோம்னு சொல்லுது, நான் அப்படி ஒரு ஃபைலே வச்சதில்ல. லோக்கல்ல, என் கம்ப்யூட்டர்ல, எல்லாம் ஒழுங்கா ஓடுது.

கீழமாசி வீதி
லோக்கல்ல டீபக் (தப்புக் கண்டுபிடிக்கிற செட்டிங்) ஆன்ல இருக்கும், அப்ப ஜாங்கோ இந்தப் பேரு மாத்துற வேலையே செய்யாது. அதனால அங்க தப்பு தெரியாது.

வெளிய இருந்து எடுத்த மினிஃபை பண்ண (அளவு சுருக்குன) ஃபைல் எதையாவது காப்பி பண்ணி வச்சிருப்பீங்க. அதோட கடைசி வரியில சோர்ஸ்மேப் (சுருக்குன ஃபைலுக்கு மூலம் எதுன்னு காட்டுறது) இன்ன பேர்ல இருக்குன்னு ஒரு கமென்ட் இருக்கும். புது ஜாங்கோ அதையும் ஒரு முகவரியா எடுத்துக்கிட்டு அந்த ஃபைலத் தேடும், இல்லன்னா நின்னுக்கும். மேப்பையும் சேத்து காப்பி பண்ணுங்க, இல்லாட்டி அந்த வரிய அழிச்சுருங்க. சிஎஸ்எஸ்ல இல்லாத படத்துக்கு முகவரி இருந்தாலும் இதே கதைதான். எனக்கு இப்படி நிக்கிறது புடிச்சிருக்கு. டெப்ளாய்ல நிக்கிறது, காலையில நாலு மணிக்கு கடையில நிக்கிறதுக்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு எடத்துலயும் மாட்டுவீங்க, இப்பயே பாத்துருங்க. ஜாங்கோ ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு ஆப்புக்கும் (தனித்தனிப் பகுதிக்கும்) ஸ்டாட்டிக் ஃபோல்டர் இருக்கும், அதுல நேரா ஸ்டைல்.சிஎஸ்எஸ்னு வைக்காதீங்க. ரெண்டு ஆப்புல ஒரே பேரு இருந்தா மொதல்ல கண்ணுல பட்டத எடுத்துக்கிட்டு மத்தத விட்டுரும். ஸ்டாட்டிக்குக்கு உள்ள ஆப்பு பேர்ல இன்னொரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வைங்க. எந்த ஃபைல் எங்கிருந்து வருதுன்னு சந்தேகம் வந்தா ஃபைண்ட்ஸ்டாட்டிக்னு ஒரு கமாண்ட் இருக்கு, பாதையக் காட்டிரும்.

வைகைக்கரை
ஐயோ, ரெண்டு ஆப்புல ஸ்டைல்.சிஎஸ்எஸ் இருக்குக்கா. லெட்ஜர் பக்கம் ரொம்ப நாளா கோணலா இருந்ததுக்கு இதுதான் காரணம் போல.

திருமங்கலம்
நான் ரெயில்ஸ்காரன், ஜாங்கோ மாதிரியே ரூபில இருக்குறது. இந்த வேதனைய எங்க பக்கம் நல்லாவே அனுபவிச்சிருக்கோம், அதனால எட்டிப் பாத்தேன். 2011ல ரெயில்ஸ் 3.1ல அசெட் பைப்லைன்னு ஒண்ணு வந்துச்சு, அதுல ஸ்ப்ராக்கெட்ஸ்ங்குற கருவி எல்லா சிஎஸ்எஸ்ஸயும் ஒண்ணாக் கட்டி, ஸ்கிரிப்ட்டயும் ஒண்ணாக் கட்டி, பேர்ல கைரேகை மாதிரி ஒரு எண்ணு போட்டுக் குடுத்துச்சு. 2017ல 5.1 வந்தப்ப ஸ்கிரிப்ட்டக் கட்ட வெப்பேக்கர், அதுக்குத் துணையா நோட், யார்ன்னு ஒரு பட்டாளம். 2021 டிசம்பர்ல ரெயில்ஸ் 7 வந்து அதையும் ஓரங்கட்டிட்டு கட்டாமலே பிரவுசரே ஸ்கிரிப்ட்ட எடுத்துக்குற இம்போர்ட் மேப்ங்குறத முன்னுக்கு வச்சுச்சு. 2024ல வந்த ரெயில்ஸ் 8ல ப்ராப்ஷாஃப்ட், அது கட்டவும் கட்டாது சுருக்கவும் சுருக்காது, ஃபைல காப்பி பண்ணி பேர்ல எண்ணு போடும், சிஎஸ்எஸ்க்கு உள்ள முகவரிய மாத்தும். அக்கா சொன்ன அதே வேலை. பதிமூணு வருசம் சுத்திட்டு வந்து பாத்தா கடைசியில மிஞ்சுனது அந்தப் பேரு மாத்துறது மட்டுந்தான். மத்ததெல்லாம் வந்துச்சு, போச்சு.

உசிலம்பட்டி
நான் காலேஜ் மூணாவது வருசம். ப்ராஜெக்ட்டுக்கு இதே மாதிரிதான் ஒண்ணு பண்றேன். எனக்கு வேற பிரச்சனை, ஸ்கிரிப்ட் எல்லாத்துக்கும் டிஃபர் போட்டா வேகமா இருக்கும்னு சொன்னாங்க, போட்டேன், இப்ப டாலர் இஸ் நாட் டிஃபைண்ட்னு வருது. அந்த டாலரக் குடுக்குற ஜேக்வெரி லைப்ரரி தான் மொதல்ல இருக்கு, வரிசையெல்லாம் சரியாத்தான் இருக்கு. வைட்ங்குற கருவி போட்டு எல்லாத்தையும் ஒண்ணா பண்டில் பண்ணிட்டா (கட்டிட்டா) சரியாயிருமா?

சமயநல்லூர்
தம்பி, பண்டில் பண்ணாலும் இது போகாது. டிஃபர் போட்ட ஸ்கிரிப்டெல்லாம் பக்கம் பூராம் படிச்சு முடிச்ச பெறகு, எழுதுன வரிசையிலேயே ஓடும். ஆனா உன் டெம்ப்ளேட்டுக்கு நடுவுல நேராவே எழுதிருக்கியே சின்னச் சின்ன ஸ்கிரிப்ட், அதுக்கு டிஃபர் செல்லாது, அது படிக்கும்போதே ஓடிரும். அப்ப ஜேக்வெரி இன்னும் வந்துருக்காது. (அசிங்க் போட்டுப் பாக்கலாம்னு தோணும், போடாத. அது எது மொதல்ல வந்து சேருதோ அது மொதல்ல ஓடும், வீட்டு வைஃபைல ஒரு வரிசை, பஸ்ஸ்டாண்டுல ஒரு வரிசை.)

நடுவுல எழுதுன ஸ்கிரிப்ட் பூராத்தையும் தனி ஃபைலுக்கு மாத்து. சர்வர்ல இருந்து ஏதாவது மதிப்பு வேணும்னுதானே உள்ள எழுதிருப்ப, அதுக்கு ஜாங்கோவுல ஜேசன்_ஸ்கிரிப்ட்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அது மதிப்ப பக்கத்துல பத்திரமா வச்சுரும், உன் ஃபைல் அத எடுத்துப் படிச்சுக்கும். பின்னாடி கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம்னு கட்டுப்படுத்துறது) போடணும்னு யாராவது கேட்டாலும் பயப்பட வேண்டியதில்ல.

பேஸ் டெம்ப்ளேட்ல எல்லாப் பக்கத்துக்கும் வேண்டியத மட்டும் வையி, கீழ ஒரு ப்ளாக் விட்டுரு, பில் பக்கத்துக்கு வேணுங்கறத பில் டெம்ப்ளேட் அந்த ப்ளாக்ல போட்டுக்கட்டும். டேட் பிக்கர் மாதிரி ஃபார்ம் கூடவே வர்ற ஸ்கிரிப்ட்டுக்கு அதுவும் வேணாம், அந்தக் கட்டத்தக் காட்டுற விட்ஜெட் க்ளாஸ்லயே மீடியான்னு ஒரு உள் க்ளாஸ் எழுதி என்ன சிஎஸ்எஸ் என்ன ஜேஎஸ் வேணும்னு சொல்லிட்டா டெம்ப்ளேட்ல ஃபார்ம்.மீடியான்னு ஒரு வரி போதும். ஒரே ஸ்கிரிப்ட் நாலு விட்ஜெட் கேட்டாலும் ஒரு தடவதான் வரும். இத நம்மாளுங்க பல பேர் பயன்படுத்துறதே இல்ல, அட்மின் பக்கம் பூராம் இதுலதான் ஓடுது.

வைட் பத்திக் கேட்ட. நான் பிஹெச்பில எழுதுற லாராவெல்தான் அதிகம், அங்க 2022ல மிக்ஸ்ங்குற பழைய கருவிய எடுத்துட்டு வைட்ட வச்சாங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா உன்கிட்ட நாலு ஸ்கிரிப்ட்தான் இருக்குன்னா அதுக்குன்னு நோட் மாட்யூல்ஸ் ஒரு மூட்டை வேணாம்ங்குறது என் கருத்து.

திருமங்கலம்
அதுல எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. ஒண்ணாக் கட்டுறதுனால சுருக்குறது நல்லா வரும், சின்னச் சின்னதா இருபது ஃபைல ஜிஜிப் பண்றதவிட ஒரு பெரிய ஃபைல் நல்லாச் சுருங்கும். ரியாக்ட் மாதிரி ஏதாவது எழுதுனா பண்டில் இல்லாமச் சமாளிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

சமயநல்லூர்
அது சரிதாண்ணே, ரியாக்ட் எழுதுனா ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணாக் கட்டுனதுக்குப் பெரிய காரணமே பழைய ஹெச்டிடிபி 1.1ல ஒரு சர்வருக்கு ஆறு கனெக்‌ஷன்தான் பிரவுசர் போடும்ங்குறது. 2015ல ஹெச்டிடிபி 2 வந்த பெறகு ஒரே கனெக்‌ஷன்ல எல்லாம் கலந்து வருது. என்ஜின்எக்ஸ்ல அது ஆன் பண்ண ஒரு சொல்லு போதும். ஒண்ணாக் கட்டுனா இன்னொரு நட்டமும் இருக்கு, ஒரு வரி மாத்துனா மொத்தக் கட்டுக்கும் பேரு மாறும், ஜேக்வெரி மட்டுமே சுருக்கி 30 கேபிக்கு வரும், அது மாறவே இல்ல, ஆனாலும் திரும்ப எறங்கும். வைகைக்கரை மாதிரி வாரம் ரெண்டு தடவ ஏத்துறவங்களுக்கு அது வீண்.

திருமங்கலம்
வெளி லைப்ரரி ஒரு கட்டு, நம்ம சொந்த கோடு ஒரு கட்டு. இதுக்கு ஒத்துக்குவீங்களா?

சமயநல்லூர்
தாராளமா.

ஒத்தக்கடை
வெளி லைப்ரரியெல்லாம் சிடிஎன்ங்குற பொது சர்வர்ல இருந்தே எடுத்தா என்ன? ஏற்கனவே வேற சைட்ல பாத்து போன்ல இருக்குமே.

கீழமாசி வீதி
அந்தக் காலம் போச்சு தம்பி. 2020ல குரோம் 86ல இருந்து கேஷ சைட் வாரியாப் பிரிச்சுட்டாங்க. வேற சைட்ல எறங்குன ஜேக்வெரி நம்ம சைட்டுக்கு ஒதவாது, திரும்ப எறங்கும், அதுக்கு இன்னொரு சர்வரத் தேடிப் போற நேரம் வேற. நம்ம சர்வர்லயே வைங்க.

அப்பறம் வைகைக்கரை, உங்க பக்கம் எவ்வளவு கனம்னு பாத்தீங்களா? என்னென்ன எறங்குது?

வைகைக்கரை
இப்பத்தான் ஒழுங்காப் பாத்தேங்கா. பூட்ஸ்ட்ராப், ஜேக்வெரி, என் பில் ஸ்கிரிப்ட், எல்லாத்தவிடவும் பெருசா ஃபாண்ட்டு. ஹிந்த் மதுரைங்குற எழுத்துரு, பேரப் பாத்த உடனே ஆசைப்பட்டு அஞ்சு கனத்துலயும் ஏத்தி வச்சிருந்தேன். பக்கத்துல நான் பயன்படுத்துறது ரெண்டுதான், சாதாவும் தடிச்சதும்.

கீழமாசி வீதி
நல்ல எழுத்துரு, விட மனசு வராதுதான். ரெண்டு கனம் போதும், வெப்புக்குன்னு சுருக்குன டபிள்யூஓஎஃப்எஃப்2ல வைங்க, ஃபாண்ட் டிஸ்ப்ளே ஸ்வாப்னு போடுங்க, அப்பத்தான் எழுத்துரு வர்ற வரைக்கும் போன்ல இருக்குற தமிழ்ல எழுத்து தெரியும், வெள்ளையா நிக்காது. தமிழுக்கு ஒரு ஃபைல், ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் ஒரு ஃபைல்னு பிரிச்சு யூனிகோட் ரேஞ்ச் குடுத்தீங்கன்னா பக்கத்துல எது இருக்கோ அது மட்டும் எறங்கும்.

ஆனா பில்லு போடுற பக்கத்துக்கு எழுத்துருவே வேணாம்னு நான் சொல்லுவேன். ஆண்ட்ராய்டுல தமிழ் எழுத்துரு கூடவே வருது, மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கின்னு பேரும் நாலு எண்ணும் காட்ட அது போதும். ஹிந்த் மதுரைய விவசாயி பாக்குற ரேட்டுப் பக்கத்துல வைங்க, அங்க அழகா இருக்கும்.

வைகைக்கரை
சரிக்கா, அப்படியே செய்றேன்.

எல்லாருக்கும் நடந்தத சொல்லிர்றேன். நேத்து ராத்திரி ஏத்துனேன். அக்கா சொன்ன ஸ்டோரேஜ், ரெண்டு ஆப்பு ஃபோல்டரும் பிரிச்சாச்சு, உள்ள இருந்த ஸ்கிரிப்ட் பதினோரு எடத்துல எடுத்து மூணு ஃபைலாக்கிட்டேன். என்ஜின்எக்ஸ்ல பேர்ல எண்ணு இருக்குற ஃபைலுக்கு மட்டும் ஒரு வருசம், 31536000 செகண்டு, கூட இம்யூட்டபிள், அதாவது மாறவே மாறாதுன்னு. ஹெச்டிஎம்எல் பக்கத்துக்கு நோ கேஷ்.

ஒரு எடத்துல மட்டும் அரை மணி நேரம் முழிச்சேன். கலெக்ட்ஸ்டாட்டிக் முடிஞ்சது, ஃபைலெல்லாம் புதுப் பேர்ல இருக்கு, ஆனா பக்கத்துல பழைய பேரே வருது. அப்பறம் பாத்தா அந்த ஜேசன ஜாங்கோ ஆரம்பிக்கும்போது ஒரு தடவதான் படிக்குது, ஜாங்கோவ ஓட்டுற கன்னிகார்ன ரீஸ்டார்ட் பண்ண உடனே சரியாயிருச்சு. அதனால மொதல்ல கலெக்ட்ஸ்டாட்டிக், அது ஒழுங்கா முடிஞ்சா மட்டும் ரீஸ்டார்ட்னு ஸ்கிரிப்ட்ல எழுதிட்டேன்.

காலையில நாலு மணிக்கு கடைக்கே போயிட்டேன். ஏழு போனையும் வரிசையா வச்சு ஒவ்வொண்ணுலயும் 42 கிலோ, 1.2 கிலோ கூடை, 900 ரூபான்னு போட்டுப் பாத்தேன். ஏழுலயும் 36,720. கடைக்காரர் பக்கத்துல நின்னு பாத்துட்டு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு.

ஒரு பையன் மட்டும் கூடைக் கட்டம் வர்றதுக்கு முன்னாடி தொறந்த பக்கத்த இன்னொரு டேப்ல மூடாமலே வச்சிருந்தான். அதுல பழைய பக்கம், பழைய ஸ்கிரிப்ட், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி ஓடுது. ஆனா அவன் அப்படியே பில்லு போட்டா கூடை எடை இல்லாம வரும்னு சர்வர் திருப்பி அனுப்பிருச்சு, புதுசாத் தொறன்னு ஒரு வரி காட்டுச்சு, தொறந்தான், சரியாயிருச்சு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஸ்டாட்டிக் ஃபோல்டர்ல பழைய பேரு ஃபைலெல்லாம் சேந்துக்கிட்டே போகுமே, கலெக்ட்ஸ்டாட்டிக்ல க்ளியர்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டு ஓட்டவா?

கீழமாசி வீதி
டெப்ளாய்ல போடவே போடாதீங்க. அது ஃபோல்டர் பூராத்தையும் அழிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும், அந்தப் பையன் மாதிரி பழைய பக்கத்தோட இருக்குறவங்களுக்கு அந்த நிமிசமே ஸ்கிரிப்ட் கெடைக்காமப் போயிரும். பழசு கெடந்துட்டுப் போகுது, எல்லாம் சேந்தாலும் ஒரு போட்டோ அளவுக்கு வராது. என்ஜின்எக்ஸ் ஆக்ஸஸ் லாக்ல அந்தப் பழைய பேரு ரெண்டு வாரமா யாரும் கேக்கலைன்னு தெரிஞ்சா கையால அழிங்க.

வைகைக்கரை
சரிக்கா. ஆடி பொறக்கட்டும், முகூர்த்தம் இல்லாத மாசம், லாக் பாத்து பைய அழிச்சுக்கிறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்.

உசிலம்பட்டி
சமயநல்லூர் அண்ணே, உள்ள இருந்ததெல்லாம் வெளிய எடுத்துட்டேன், டாலர் எர்ரர் போயிருச்சு. ஃபார்ம்.மீடியா இன்னும் வரல, டெம்ப்ளேட்ல போட்டுருக்கேன் ஆனா காலியா இருக்கு.

சமயநல்லூர்
மீடியா க்ளாஸ ஃபார்முக்கு வெளிய, பக்கத்துல எழுதிருப்ப. க்ளாஸுக்கு உள்ள ஒரு டேப் தள்ளி இருக்கணும், பாரு.

உசிலம்பட்டி
ஆமாண்ணே. வந்துருச்சு.